‘பைக்கைப் பார்க்கவே இல்லை’: கார் ஓட்டுநர் சொல்வது பொய்யா? மைசூரு சாலைகளும் நம் விபத்துக் கணக்கும் சொல்வது என்ன?

2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் பிரதான பாதையில் பைக், ஸ்கூட்டர், ஆட்டோ, டிராக்டர் எதற்கும் அனுமதி இல்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிவிக்கை சொன்ன காரணம் எளிமையானது. மணிக்கு 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் கார்கள் போகும் பாதையில் மெதுவாகப் போகும் வண்டிகள் இருந்தால் ஆபத்து. எனவே இருசக்கர வாகனங்கள் சர்வீஸ் ரோட்டுக்குப் போயின.

ஆனால் அந்தச் சாலை மைசூருக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது? 100 கி.மீ. வேகத்தில் வந்து பழகிய அதே கார்கள், மணிப்பால் மருத்துவமனை ஜங்ஷனில் (பழைய ஆட்கள் இன்னும் ‘கொலம்பியா ஏஷியா ஜங்ஷன்’ என்றுதான் சொல்வார்கள்) ரிங் ரோட்டைத் தொடுகின்றன. ஹெப்பால் தொழிற்பேட்டை ஆபீஸ்களிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பும் பைக்குகளும் அதே ரிங் ரோட்டில்தான் இருக்கின்றன. இங்கே யாரையும் தனியாகப் பிரிக்க முடியாது. ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

அந்தப் ‘பார்ப்பது’தான் பிரச்சினை. விபத்து நடந்த இடத்தில் கார் ஓட்டுநர் சொல்லும் முதல் வாக்கியம் தமிழ்நாட்டில் “சார், வண்டியைப் பார்க்கவே இல்ல”. மைசூரில் “நோட்லே இல்லா சார்”. கேட்பவர்களுக்குக் கோபம்தான் வரும். பட்டப்பகலில், நேர் சாலையில், இவ்வளவு பெரிய பைக் எப்படித் தெரியாமல் போகும்? பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

பல நேரங்களில் அவர் சொல்வது உண்மைதான். அதனால் அவர் தவறு குறைவதில்லை. ஆனால் நீங்கள் பைக் ஓட்டுபவர் என்றால், அது ஏன் உண்மை என்று தெரிந்துகொள்வது உங்கள் உயிரைக் காப்பாற்றும்.

முதலில், எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஆண்டு 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது 44.5 சதவீதம். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 205 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

அதே அறிக்கையில் இன்னும் மூன்று விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள்:

- மூன்றில் இரண்டு பங்கு விபத்துகள் நேரான சாலையில் நடந்தவை. வளைவில் இல்லை.
- நான்கில் மூன்று பங்கு விபத்துகள் தெளிவான வானிலையில் நடந்தவை. மழையிலோ பனியிலோ இல்லை.
- நாளின் எட்டு மூன்று மணி நேரப் பிரிவுகளில், மாலை 6 முதல் 9 வரையிலான நேரத்தில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு விபத்துகள். ஆபீஸ் முடிந்து நீங்கள் வீடு திரும்பும் நேரம் அதுதான்.

விபத்து நடந்த விதத்தில் முதலிடம் ‘பின்னாலிருந்து மோதல்’, 21.4 சதவீதம். இது எல்லா வாகனங்களுக்குமான கணக்கு. ஆனாலும் இதன் பொருள் என்ன? முன்னால் இருந்த ஒன்றின்மீது போய் மோதியிருக்கிறார்கள். சாலை நேராக இருந்தது, வானம் தெளிவாக இருந்தது, பொருள் எதிரிலேயே இருந்தது. இருந்தும் பார்க்கவில்லை, அல்லது தாமதமாகப் பார்த்தார்கள்.

அப்படியானால் ‘பார்க்கவில்லை’ என்ற காரணத்தால் எத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு அறிக்கையில் பதில் கிடையாது. அந்தப் பத்தியே அதில் இல்லை.

அட்டவணையில் இருக்கும் விதிமீறல்கள் இவை: அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுதல், தவறான பக்கத்தில் ஓட்டுதல், சிக்னலை மீறுதல், மொபைல் பயன்பாடு, பிற. இதில் அதிவேகத்தின் பங்கு மட்டும் உயிரிழப்பில் 71.2 சதவீதம். மொபைலின் பங்கு மிகச் சிறியது. ரோட்டில் நாம் தினமும் பார்க்கும் காட்சியோடு இது பொருந்துகிறதா? சிக்னலில் நிற்கும் கார்களில் எத்தனை பேர் குனிந்து மடியில் இருக்கும் திரையைப் பார்க்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காரணம், பதிவு செய்யப்படும் விதம். தமிழ்நாட்டில் விபத்து எஃப்.ஐ.ஆர். ஒன்றைப் படித்திருந்தால் இந்தச் சொற்றொடர் கண்ணில் பட்டிருக்கும்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து”. இது சட்டத்தின் மொழி. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே 40 கி.மீ. வேகத்தில் வந்து மோதினாலும், காவல் நிலையத்தில் எழுதப்படும் வரி கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு வரி டெல்லியில் அட்டவணையாக மாறும்போது ‘அதிவேகம்’ எண்ணாகிறது. ‘அஜாக்கிரதை’க்குத் தனி எண் இல்லை. வேகம் கொல்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கவனக்குறைவு எவ்வளவு கொல்கிறது என்பதை நாம் எண்ணுவதே இல்லை. எண்ணாத ஒன்றுக்கு நிதி ஒதுக்கவும் முடியாது, திட்டம் போடவும் முடியாது.

எண்ணிய நாடுகளில் என்ன தெரிந்தது?

1981-ல் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இன்றும் அடிப்படை ஆவணம். இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழிவிட வேண்டிய மற்ற வாகன ஓட்டுநர் வழிவிடவில்லை. பெரும்பாலும் அவர்கள் சொன்ன காரணம், பைக்கைக் கவனிக்கவில்லை என்பதுதான்.

பிறகு ஐரோப்பாவில் 5 நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த ‘மெய்ட்ஸ்’ ஆய்விலும் அதே கதை. மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட விபத்துகளில் முதன்மைக் காரணம், மற்ற வாகன ஓட்டுநரின் கண்ணில் அல்லது கவனத்தில் பைக் படாமல் போனது.

கண் முன்னால் இருப்பது எப்படித் தெரியாமல் போகும்?

மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பாதுகாப்பு வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று: காரின் தூண் மறைப்பது. முன் கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, அதற்கு ‘ஏ-பில்லர்’ என்று பெயர். அது சுமார் 10 செ.மீ. அகலம், ஓட்டுநரின் கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 20 மீட்டர் தள்ளி, இரண்டு கண்ணுக்கும் தெரியாத ஒரு பட்டை உருவாகும். அதன் அகலம் சுமார் 1 மீட்டர். நேராக வரும் பைக்கின் ஹேண்டில் பார் அகலம் அதைவிடக் குறைவு. கார் அந்தப் பட்டையில் முழுதாக மறையாது. நீங்கள் மறைந்துவிடுவீர்கள்.

மைசூருக்கு இது ஏன் முக்கியம்? இது சர்க்கிள்களின் ஊர். கே.ஆர். சர்க்கிள், சாமராஜா சர்க்கிள், ஹார்டிங் சர்க்கிள் என்று ஊரின் மையமே வட்டங்களால் ஆனது. நம் நாட்டில் வட்டத்தில் வண்டிகள் வலது பக்கத்திலிருந்து வரும். ஓட்டுநரும் வலது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். அதாவது அவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ, அந்தப் பக்கத் தூண்தான் அவர் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. அதிகம் மறைப்பதும் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு வண்டிகள் சீரான வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால், ஒன்றின் பார்வையில் மற்றொன்று ஒரே கோணத்தில்தான் இருந்துகொண்டிருக்கும். தூணுக்குப் பின்னால் ஒருமுறை மறைந்த பைக், மோதும் நொடி வரை மறைந்தே வரலாம்.

இரண்டு: கண் பார்க்கிறது, மூளை கவனிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் கிறிஸ்டின் பாமர் குழு 2018-ல் வெளியிட்ட ஒரு சோதனை இது. 56 பேரிடம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்த சாலைப் படங்களைக் காட்டி, பாதுகாப்பான சூழலா இல்லையா என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராத ஒரு வாகனம், சிலருக்கு டாக்ஸி, சிலருக்கு பைக். டாக்ஸியைத் தவறவிட்டவர்கள் 31 சதவீதம். பைக்கைத் தவறவிட்டவர்கள் 65 சதவீதம். மூளை எதைத் தேடுகிறதோ அதைத்தான் எடுத்துத் தருகிறது.

“அது ஆஸ்திரேலியா. இங்கே திரும்பின பக்கமெல்லாம் பைக்தானே, எப்படி எதிர்பார்க்காமல் இருப்பார்கள்?” நியாயமான கேள்வி. அந்த எண்ணை அப்படியே மைசூருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் இங்கே வேறொன்று நடக்கிறது. நெரிசலில் ஓட்டுநர் தனக்கு ஆபத்தானதைத்தான் முதலில் தேடுவார்: பஸ், லாரி, எஸ்.யூ.வி. பத்து பைக் சேர்ந்து போனால் அது அவருக்கு ஒரு கூட்டம், பின்னணி. அதில் நீங்கள் என்ற ஒரு பைக், வேகம் மாற்றியதோ திரும்பியதோ தனியாகத் தெரிவதில்லை.

மூன்று: பார்த்தார், தப்பாகக் கணித்தார். நெருங்கி வரும் பொருள் எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் அதன் வேகத்தை மூளை கணிக்கிறது. பைக் சிறியது என்பதால் கடைசி வரை பெரிதாகத் தெரியாது. இரவில் ஒற்றை விளக்கு என்றால் தூரத்தைக் கணிக்க இன்னும் கஷ்டம். “இன்னும் தூரத்துலதானே இருக்கு” என்று கார் யு-டர்ன் எடுத்துவிடும்.

இவை மூன்றும் போனைத் தொடாத ஓட்டுநருக்கே நடப்பவை. போனும் சேர்ந்தால்? 60 கி.மீ. வேகத்தில் 2 நொடி திரையைப் பார்ப்பவர், சாலையைப் பார்க்காமல் 33 மீட்டர் கடந்திருப்பார். விரைவுச் சாலையின் 100 கி.மீ. வேகத்தில் அது 55 மீட்டர்.

சரி, பளிச்சென்று உடுத்தினால் போதுமா?

உதவும். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பி அனுப்பும் உடை அணிந்தவர்களுக்குக் காயமடையும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் ஹெட்லைட் எரிந்தால் 27 சதவீதம் குறைவு. இப்படி உடுத்துபவர்கள் இயல்பிலேயே ஜாக்கிரதையானவர்களாக இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். ஆனாலும் ஒரு வெள்ளை ஹெல்மெட்டுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

ஹெட்லைட் விஷயத்தில் மலேசியா 1992-லேயே பகலிலும் பைக் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் போட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது பைக்குகளில் விளக்கு தானாகவே எரியும். ஆனால் இப்போது எல்லா பைக்கிலும் விளக்கு, கார்களிலும் பகல் விளக்கு. அதனால் அது மட்டும் உங்களைத் தனித்துக் காட்டாது.

இங்கே பலர் செய்யும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்:

- லேப்டாப் பை. ரிஃப்ளெக்டர் பட்டை உள்ள ஜாக்கெட் வாங்குகிறோம். அதன்மேல் கறுப்பு பையை மாட்டிப் பட்டையை மறைத்துவிடுகிறோம். பின்னாலிருந்து வருபவருக்குத் தெரிவது அந்தப் பைதான். பட்டையைப் பையில் ஒட்டுங்கள்.
- மழைக்கோட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மைசூரில் வெளிச்சம் குறைந்த மழை நாட்களில் பெரும்பாலானோர் போடுவது கறுப்பு அல்லது கருநீலம். மோசமான நேரத்தில் மோசமான நிறம்.
- ஒளிரும் நிறம் வேறு, ரிஃப்ளெக்டர் வேறு. ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும். தெருவிளக்கில் பலன் குறைந்துவிடும். இரவில் ஹெட்லைட் பட்டுத் திரும்பி மின்னுவது ரிஃப்ளெக்டர் பட்டை மட்டும்தான். மாலை 6 முதல் 9 வரை ஓட்டுபவருக்கு இரண்டும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மறைக்கும் தூணுக்கு எதிராக எந்த நிறமும் வேலை செய்யாது. குனிந்து போனைப் பார்ப்பவருக்கும் வெள்ளை ஹெல்மெட் தெரியாது. அதற்கு வண்டியை நிறுத்தும் இடமும் வேகமும்தான் மருந்து.

அப்போ ரோட்டில் என்ன பண்ணலாம்?

சர்க்கிளில்: உள்ளே நுழையக் காத்திருக்கும் காரைக் கடக்கும்போது ஓட்டுநரின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. வேகத்தை லேசாக மாற்றுங்கள், அல்லது உங்கள் லேனுக்குள்ளேயே கொஞ்சம் இடம் மாறுங்கள். அந்த அசைவு உங்களைத் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவரும்.

முகம் தெரிந்தாலும்: கண்ணை நம்பாதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். உங்களைப் பார்ப்பதுபோல் இருப்பவர் வேறெதையோ பார்க்கலாம். ஆனால் கார் நகரப் போகிறது என்பதைச் சக்கரம்தான் முதலில் காட்டும்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில்: ஓடும் பஸ்ஸின் இடது பக்கம் நுழைவதை முழுதாக விட்டுவிடுங்கள். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவர் உலகத்தில் நீங்கள் இல்லை.

சிக்னலில் கடைசி ஆளாக நிற்கும்போது: பிரேக் லைட்டை இரண்டு மூன்று முறை விட்டு விட்டு எரிய விடுங்கள். நேர் நடுவில் நிற்காமல், முன்னால் உள்ள காரின் ஓரமாக, நழுவ இடம் விட்டு நில்லுங்கள். பின்னால் ஒரு வண்டியாவது வந்து நிற்கும் வரை கியரிலேயே இருங்கள், மிரரைப் பாருங்கள்.

ஓரம் நிற்கும் கார்களைக் கடக்கும்போது: ஒரு கதவின் அகலம் தள்ளிப் போங்கள். உள்ளே ஆள் தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜங்ஷனை நெருங்கும்போது வேகம்: 60 கி.மீ. வேகத்தில், சுதாரிக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டு பிரேக் அடித்தால் நிற்க ஐம்பது மீட்டருக்கு மேல் ஆகும். 40 கி.மீ. வேகத்தில் சுமார் 30 மீட்டர். அவருடைய கவனக்குறைவுக்கு நீங்கள் வாங்கும் நேரம் இந்த 20 மீட்டர்தான்.

ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

வார இறுதியில் நீங்களே கார் ஓட்டுபவரா?

நம்மில் பலர் வாரநாளில் பைக், ஊருக்குப் போகும்போது கார். உங்களுக்கும் மூன்று பழக்கங்கள். ஒன்று, சர்க்கிளில் தலையை முன்னும் பின்னும் நகர்த்தித் தூணைச் சுற்றிப் பாருங்கள். வேகமாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பதில் கண் தாவித் தாவிப் போகும், இடையில் இருப்பது விடுபடும். இரண்டு முறை பாருங்கள். இரண்டு, பைக்கைப் பார்த்ததும் வாய்விட்டு “பைக்” என்று சொல்லுங்கள். சிரிப்பு வரலாம். ஆனால் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் தந்த யோசனை இது. அவர்களின் சிமுலேட்டர் சோதனையில், பைக்கை நேராகப் பார்த்தவர்களில் சிலரே அடுத்த சில நொடிகளில் அதை மறந்திருந்தார்கள். மூன்று, நிறுத்திய காரின் வலது கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் பைக் தெரியும்.

எல்லாம் பைக்காரர் பொறுப்புதானா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் மேலே சொன்ன எல்லாமே அரைகுறை. “நீ தெரியும்படி உடுத்து, நீ மெதுவாகப் போ, நீ சர்வீஸ் ரோட்டில் போ” என்று எல்லா அறிவுரையும் பைக்காரரை நோக்கியே வருகிறது.

விரைவுச் சாலைத் தடைக்கு நியாயம் உண்டு. கேமரா, வேகக் கட்டுப்பாடு, தடை மூன்றும் வந்த பிறகு உயிரிழப்பு கணிசமாகக் குறைந்தது என்று கர்நாடக போலீஸ் சொல்கிறது. இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. ஆனால் சர்வீஸ் ரோடு பல இடங்களில் தொடர்ச்சியாக இல்லை என்ற புகார் தடை வந்த நாளிலிருந்தே இருக்கிறது. மைசூரு ரிங் ரோடு விளக்கு எரியாமல் இருட்டாகக் கிடந்ததும், பராமரிப்பு யார் பொறுப்பு என்று இழுபறி நடந்ததும் ஊருக்கே தெரிந்த கதை. இருட்டில் எந்த ஓட்டுநராலும் பார்க்க முடியாது. ஜங்ஷன் முனையில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனருக்குப் பின்னாலும், முனையிலேயே நிறுத்திய வண்டிக்குப் பின்னாலும் பார்க்க முடியாது. இவையெல்லாம் மாநகராட்சியும் போலீஸும் சரிசெய்யக்கூடியவை.

கணக்கையும் சரிசெய்யலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய மின்னணு விபத்துத் தரவுத்தளத்தில் போலீஸார் இப்போது ஒவ்வொரு விபத்தையும் மொபைலிலேயே பதிகிறார்கள். பார்வையை மறைத்தது எது, ஓட்டுநர் கவனம் எங்கே இருந்தது, தெருவிளக்கு எரிந்ததா ஆகிய மூன்று விவரங்களும் ஒவ்வொரு விபத்துக்கும் பதிவாகி, ஆண்டறிக்கையில் வெளியானால் எந்த ஜங்ஷனில் பேனரை எடுக்க வேண்டும், எங்கே விளக்குப் போட வேண்டும் என்று ஊர்வாரியாகச் சொல்லிவிடலாம்.

அடுத்த முறை ஆண்டறிக்கை வரும்போது தலைப்புச் செய்தி மறுபடியும் ‘அதிவேகமே காரணம்’ என்றுதான் இருக்கும். அந்த அட்டவணையில் ‘அஜாக்கிரதை’க்கு ஒரு பத்தி வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது வரும் வரை, சர்க்கிளில் காத்திருக்கும் அந்தக் காருக்கு நீங்கள் தெரியவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.